திறந்தவர் மூட மறந்தாலும்

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் நம்மோடு பேசும் சர்வர் உண்மையானதுதானா என்று அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சி மொழி நிரலில் கோளாறு. 'கோட்டூ ஃபெயில்' என்ற ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தது. ஃபெயில் என்று குறித்துவைத்த இடத்துக்குத் தாவு என்பது அந்த வரியின் கட்டளை. முதல் வரி, பிழை வந்திருந்தால் மட்டும் என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படவில்லை. பிழை வந்தாலும் வராவிட்டாலும் நிரல் அங்கே தாவியது; கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசிப் படியைத் தொடவே இல்லை. தாவும் நேரத்தில் பிழை எண்ணின் மதிப்பு பூஜ்யம். பூஜ்யம் என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். சரிபார்க்காமலே 'சரி' என்ற பதில் போயிற்று.

இரட்டித்த வரியைப் பற்றி அன்று நிறையப் பேசினார்கள். அந்த நிரல் ஏன் வரிக்கு வரி ஃபெயிலுக்குத் தாவிக்கொண்டிருந்தது என்பதையும் கேட்க வேண்டும். தாவிப் போய்ச் சேரும் இடத்தில் இருந்த வேலை மிகச் சிறியது: இடையில் எடுத்த இரண்டு நினைவகத் துண்டுகளைத் திருப்பிக் கொடுப்பது, பிழை எண்ணோடு வெளியேறுவது. எந்தப் படியில் முறிந்தாலும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் போகக் கூடாது என்பதற்காகவே அத்தனை தாவல்களும். சி மொழியில் இது வழக்கமான உத்தி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலும் பரவலாகக் காணலாம். கையால் சுத்தம் செய்யும் ஏற்பாடு இல்லாதிருந்தால், அந்த வரியை இரட்டிக்க அங்கே வாய்ப்பே இருந்திருக்காது.

எடுப்பதும் கொடுப்பதும்

இயங்குதளம், பிரவுசர், டேட்டாபேஸ் போன்றவற்றை எழுதுவோர் சிஸ்டம்ஸ் புரோகிராமிங் செய்பவர்கள். அவர்கள் நாள் முழுக்கச் செய்வது ஒன்றை எடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும்தான். நினைவகம் கேட்டு வாங்கினால் விடுவிக்க வேண்டும். ஃபைலைத் திறந்தால் மூட வேண்டும். பூட்டைப் போட்டால் எடுக்க வேண்டும். சி மொழியில் இந்த இரண்டாவது பாதி முழுக்க நிரலாளரின் ஞாபகசக்தியைப் பொறுத்தது. விடுவிக்க மறந்தால் நினைவகம் கசியும். இரண்டு முறை விடுவித்தால் நினைவகக் கணக்கே குழம்பும். விடுவித்த பிறகும் பழைய முகவரியைப் பயன்படுத்தினால், அதே இடத்தில் இப்போது குடியிருக்கும் வேறொரு தரவு சிதையும். தாக்குபவர்கள் பெரிதும் விரும்பும் ஓட்டை இதுதான். தன் பிரவுசரில் கண்ட தீவிரமான பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை என்று குரோமியம் குழு 2020-இல் சொன்னது. அவற்றில் பாதி, விடுவித்த இடத்தைத் திரும்பத் தொட்டதால் வந்தவை.

ஞாபகசக்தியை நம்பாமல் இருக்க முதலில் கண்ட வழி, குப்பை சேகரிப்பு. 1960-ஐ ஒட்டி லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி வகுத்தது. யாரும் எட்ட முடியாத நினைவகத்தை ஓட்டத்தின் நடுவே ஒரு தனி நிரல் தேடி மீட்டுக்கொள்ளும். ஜாவா, கோ போன்றவை இந்த வழியில் வந்தவை. நினைவகத்துக்கு இது நல்ல மருந்து. ஆனால் எப்போது மீட்கும் என்று சொல்ல முடியாது. பூட்டும் ஃபைலும் அப்படிக் காத்திருக்க முடியாதவை. பூட்டு எப்போதாவது திறக்கும் என்றால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் அதுவரை நிற்க வேண்டும். அதனால்தான் 2011-இல் வந்த ஜாவா 7, ஃபைல் போன்றவற்றைத் தானாக மூட ஒரு தனித் தொடரமைப்பைச் சேர்த்தது. குப்பை சேகரிக்கும் நேரத்தில் சுத்தம் செய்துகொள்ளலாம் என்ற பழைய 'ஃபைனலைஸ்' முறையை 2017-இல் ஜாவா 9 கைவிட வேண்டிய பட்டியலில் போட்டது.

இன்னொரு வழி பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1979-இல் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிப் பின்னாளில் சி பிளஸ் பிளஸ் ஆன மொழியில், ஒரு பொருள் பிறக்கும்போது ஓட வேண்டிய செயலும் மறையும்போது ஓட வேண்டிய செயலும் ஜோடியாக உண்டு. மாறி ஒன்று தன் எல்லையைத் தாண்டும் இடத்தில், மறைவுச் செயலை அழைக்கும் கட்டளையை, நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே செருகிவிடும். நடுவில் வெளியேறினாலும் சரி, பிழை வீசப்பட்டு மேலே போனாலும் சரி, அது ஓடும். வெளியேறும் வாசல் ஐந்தானாலும் ஐம்பதானாலும் நிரலாளர் சுத்தம் செய்யும் வரியை எழுத வேண்டியதில்லை. எழுதாத வரியை இரட்டிக்கவும் முடியாது.

பகிர்ந்தால் மாற்றாதே

2006-இல் மோசில்லாவில் பணியாற்றிய கிரேடன் ஹோர் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கிய ரஸ்ட் மொழி, இந்த மறைவுச் செயலை 'டிராப்' என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. அதோடு ஒரு கட்டுப்பாட்டையும் சேர்த்தது. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே உரிமையாளர். உரிமையாளர் போனால் மதிப்பும் போகும். மற்றவர்கள் கடன் வாங்கலாம். படிப்பதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் வாங்கலாம். மாற்றுவதற்கு ஒருவர் வாங்கினால், அந்த நேரத்தில் வேறு யாரும் கையில் வைத்திருக்கக் கூடாது. இதைக் கம்பைலர் நிரல் ஓடுவதற்கு முன்பே சரிபார்த்துவிடும்.

பலர் படிக்கிறார்கள், ஒருவர் மாற்றுகிறார். இதில் என்ன குற்றம்? நான்கு எண்களுக்கு இடமுள்ள பட்டியல் ஒன்று நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணின் முகவரி உங்கள் கையில் இருக்கிறது. நிரலின் வேறொரு பகுதி ஐந்தாவது எண்ணைச் சேர்க்கிறது. இடம் போதாததால் பட்டியல் பெரிய இடத்துக்கு மொத்தமாகக் குடிபெயர்கிறது. பழைய இடம் விடுவிக்கப்படுகிறது. உங்கள் கையிலிருக்கும் முகவரி இப்போது யாரோ ஒருவருடைய வீடு. ஒரே த்ரெட்டில், அதாவது நிரலின் ஒரே ஓட்டத்தில், யாரும் யாரோடும் போட்டியிடாமலே இந்த விபத்து நடக்கும். ரஸ்டின் விதி இதை அடியோடு தடுக்கிறது.

ஆனால் இந்த விதியை எல்லா இடத்திலும் அப்படியே கடைப்பிடித்தால் நியாயமான பல நிரல்களை எழுதவே முடியாது. படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு பொருள், ஒரு முறை கணக்கிட்ட விடையை உள்ளுக்குள் குறித்து வைத்துக்கொள்ள நினைக்கிறது. வெளியே பார்ப்பவருக்கு எதுவும் மாறவில்லை. உள்ளே ஒரு மூலையில் மாற்றம் தேவை. பல த்ரெட்கள் சேர்ந்து ஒரு எண்ணிக்கையைக் கூட்டுவதும் இப்படித்தான். பகிராமல் மாற்ற வழியில்லை. இதற்காக ரஸ்ட் திறந்துவைத்த பக்கவாசல், உள்மாற்றம் எனலாம்: வெளியே படிக்கும் உரிமை, உள்ளே மாற்றும் வசதி.

அதன் அடித்தளத்தில் 'அன்சேஃப்செல்' என்ற ஒரே ஒரு வகை இருக்கிறது. பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருப்பது மாறாது என்று கம்பைலர் வழக்கமாக நம்பி, ஒரு முறை படித்த மதிப்பைப் பிராசஸரின் ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொண்டு வேகம் கூட்டும். அன்சேஃப்செல்லுக்குள் இருப்பதைப் பற்றி மட்டும் அப்படி நம்பாதே என்பது அந்த வகை சொல்லும் செய்தி. பாதுகாப்பை அது தராது. பாதுகாப்பு, அதன் மேல் கட்டியவற்றின் பொறுப்பு.

'செல்' என்பது அவற்றில் எளியது. உள்ளிருக்கும் மதிப்பை நகலெடுத்துத் தரும், புதிய மதிப்பை வாங்கி வைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பதன் முகவரியைப் பகிர்ந்து பிடித்திருப்பவர் யாருக்கும் தராது. முகவரி வெளியே போகாதபோது அது செல்லாமல் போகும் பேச்சுக்கே இடமில்லை. கூடுதல் செலவும் இல்லை. ஒரு த்ரெட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

'ரெஃப்செல்' இன்னும் துணிச்சலானது. முகவரியையே கடன் கொடுக்கும். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மதிப்புக்குப் பக்கத்தில் ஒரு முழு எண்ணை வைத்திருக்கிறது. பூஜ்யம் என்றால் யாரிடமும் கடன் இல்லை. படிக்க ஒருவர் கேட்டால் ஒன்று கூடும். மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தால் அங்கே 3 இருக்கும். மாற்ற ஒருவர் கேட்டால், பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்து −1 ஆக்கிவிட்டுக் கொடுக்கும். பூஜ்யமாக இல்லையென்றால் கொடுக்காது; −1 இருக்கும்போது படிக்கக் கேட்டாலும் கொடுக்காது. நிரல் அந்த இடத்திலேயே 'பேனிக்' ஆகி நிற்கும். கம்பைலர் முன்கூட்டியே பார்த்த அதே விதியை இது ஓடும்போது பார்க்கிறது. விதி தளரவில்லை, சரிபார்க்கும் நேரம் மட்டும் தள்ளிப்போயிருக்கிறது.

கணக்கில் ஏற்றிய கடனைக் குறைப்பது யார்? ரெஃப்செல் வெறும் முகவரியைத் தராமல், அதைச் சுமக்கும் சிறு பொருளாகத் தருகிறது. ரஸ்ட் நிரலாளர்கள் இந்த வகைப் பொருளை 'கார்டு' என்பார்கள், காவலுக்கு நிற்கும் கார்டு. அதன் வழியாகத்தான் உள்ளே தொட முடியும். கார்டு தன் எல்லை முடிந்து மறையும்போது அதன் டிராப் ஓடி எண்ணைப் பழையபடி சரிசெய்கிறது. த்ரெட்களுக்கான 'மியூடெக்ஸ்' பூட்டும் இதே அச்சில் வார்த்தது. பூட்டினால் கையில் வருவது ஒரு கார்டு. அது மறைந்தால் பூட்டு திறக்கும். பூட்டியிருக்கும்போது நிரல் பேனிக் ஆனாலும் டிராப் ஓடும், பூட்டு திறக்கும். ஆனால் பாதி மாற்றிய நிலையில் தரவு கிடக்கலாம் என்பதால், 'நஞ்சேறியது' என்று ஒரு முத்திரையும் அதன் மேல் விழும். அடுத்து பூட்டுபவருக்கு அந்த எச்சரிக்கை போகும்.

பகிர்ந்ததை மாற்றும் உரிமை தானியங்கிச் சுத்தத்தின் மேல் நிற்கிறது. எதிர்த்திசையிலும் இதே சார்பு உண்டு. ஒரே மதிப்பைப் பலர் கூட்டாகச் சொந்தம் கொண்டாட ரஸ்டில் 'ஆர்சி' என்ற வகை இருக்கிறது. சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணி வைத்திருக்கும்; கடைசி ஆள் போகும்போது மதிப்பை விடுவிக்கும். எல்லோரும் பகிர்ந்து வைத்திருக்கும் அந்தப் பொருளுக்குள் எண்ணிக்கை மட்டும் கூடிக் குறைய வேண்டுமே. அதற்காக அந்த எண் ஒரு செல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சுத்தம், உள்மாற்றத்தின் மேல் நிற்கிறது.

2015 ஏப்ரல்

ஒன்றையொன்று தாங்கும் இந்த இரண்டும் ஒன்றையொன்று கவிழ்க்கவும் முடியும் என்பது, ரஸ்டின் முதல் நிலையான பதிப்பு வருவதற்குச் சில வாரங்களே இருந்தபோது வெளிச்சத்துக்கு வந்தது.

அப்போதைய நூலகத்தில், பெற்றோர் த்ரெட் தன் அடுக்கு நினைவகத்தில் இருக்கும் மாறியைக் குழந்தை த்ரெட்டுக்குக் கடன் கொடுக்க ஒரு வசதி இருந்தது. ஆபத்து வெளிப்படை: பெற்றோர் முதலில் முடிந்துவிட்டால் அந்த மாறி இருந்த இடம் காலி, குழந்தை அங்கே எழுதிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க, த்ரெட்டைத் தொடங்கும்போது 'ஜாயின்கார்டு' என்ற கார்டு கைக்கு வரும். அது மறையும்போது அதன் டிராப், குழந்தை முடியும்வரை பெற்றோரைக் காத்திருக்க வைக்கும். எல்லை முடிந்தால் கார்டு மறைந்தே தீரும் என்ற நம்பிக்கையில் கட்டிய ஏற்பாடு.

அந்த நம்பிக்கையில்தான் ஓட்டை. ஆர்சிக்குள் ஒரு ரெஃப்செல்லை வையுங்கள். அதற்குள், அதே ஆர்சியின் இன்னொரு பிரதியை வையுங்கள். இப்போது அந்தப் பொருளுக்குத் தானே ஒரு சொந்தக்காரர். வெளியே உள்ள எல்லோரும் போன பிறகும் எண்ணிக்கை 1-இலேயே நிற்கும், பூஜ்யத்துக்கு இறங்காது. உள்ளே ஜாயின்கார்டை வைத்திருந்தால் அதன் டிராப் ஒருபோதும் ஓடாது. பெற்றோர் காத்திருக்காமல் போய்விடுவார். குழந்தை இல்லாத இடத்தில் எழுதும். பாதுகாப்பற்ற வசதி எதையும் தொடாமல், முறையான ரஸ்டிலேயே, ரஸ்ட் ஒழித்துவிட்டதாகச் சொன்ன பிழையை எழுதிக் காட்ட முடிந்தது. வளையத்தை மூடிவிட உதவியது உள்மாற்றம்: ஏற்கெனவே பகிர்ந்துவிட்ட ஆர்சிக்குள் பின்னால் ஒன்றைச் செருக, ரெஃப்செல் போன்ற ஒன்று இல்லாமல் முடியாது.

டிராப் ஓடாமல் போகும் இத்தகைய கசிவே நடக்காதபடி மொழியை மாற்றலாமா என்று விவாதம் நடந்தது. அப்படிச் செய்தால் ஆர்சி போன்ற அடிப்படை வகைகளின் மேலேயே புதிய கட்டுப்பாடுகள் ஏறும். கடைசியில் எடுத்த முடிவு கறாரானது. டிராப் வழக்கமாக ஓடும். ஓடியே தீரும் என்று யாரும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கசிவு விரும்பத்தகாதது, ஆனாலும் அதைப் பாதுகாப்பு மீறலாகக் கொள்ள வேண்டாம். ஒரு மதிப்பின் டிராப்பை வேண்டுமென்றே ஓடாமல் தடுக்கும் 'ஃபர்கெட்' என்ற செயலும் பாதுகாப்பானவற்றின் பட்டியலில் சேர்ந்தது. 2015 மே 15 அன்று வெளிவந்த 1.0 பதிப்பின் நிலையான வசதிகளில் ஜாயின்கார்டு இடம்பெறவில்லை.

எந்தப் பக்கம் விழுகிறது

இந்த முடிவைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். டிராப் ஓடாமல் போகலாம் என்றால், அதே டிராப்பை நம்பியிருக்கும் ரெஃப்செல்லும் மியூடெக்ஸும் எப்படித் தப்பின?

ஒற்றைத் தடமுள்ள ரயில் பாதையில் பழைய டோக்கன் முறையை நினைத்துப் பாருங்கள். டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தத் தடத்துக்குள் நுழைய மாட்டார். வெளியே போன டோக்கனை எந்திரத்தில் திரும்பப் போடாமல் அடுத்த டோக்கன் வெளியே வராது. டோக்கன் தொலைந்துபோனால் என்ன ஆகும்? ரயில்கள் நிற்கும், பயணிகள் திட்டுவார்கள், மோதல் நடக்காது.

ரெஃப்செல்லிடம் மாற்றுவதற்காக வாங்கிய கார்டை யாராவது கசியவிட்டால் பக்கத்திலிருக்கும் எண் −1-இலேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் கடன் கிடையாது. மியூடெக்ஸின் கார்டு கசிந்தால் பூட்டு நிரந்தரமாகப் பூட்டியே கிடக்கும். நிரல் தொங்கிப்போகலாம், தரவு சிதையாது. இவற்றில் உரிமையைத் தொடக்கத்திலேயே பிடித்து வைத்துவிட்டு, டிராப் ஓடினால் மட்டும் விடுவிக்கிறார்கள். ஜாயின்கார்டில் இது தலைகீழ். காத்திருக்க வைக்கும் வேலையே டிராப்புக்குள் இருந்தது. டிராப் ஓடாவிட்டால் தடுப்பே இல்லை. ஒன்றில் மறதி கதவைப் பூட்டியே வைக்கிறது, மற்றதில் திறந்தே விடுகிறது.

பெற்றோர், குழந்தை த்ரெட் வசதி 2022 ஆகஸ்டில், 1.63 பதிப்பில் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. இந்த முறை காத்திருக்கும் பொறுப்பைச் சுமந்த கார்டு யார் கையிலும் தரப்படுவதில்லை. செய்ய வேண்டிய வேலையை நூலகத்தின் ஒரு செயலிடம் ஒப்படைக்க வேண்டும். அது வேலையை ஓட்டி, தொடங்கிய அத்தனை த்ரெட்களும் முடியும்வரை தானே காத்திருந்து, பிறகுதான் திரும்பும். கையில் இல்லாததைக் கசியவிட முடியாது.

கார்டுகளில் இன்னொரு விதமான ஓட்டையும் அகப்பட்டது. ரஸ்டின் பாதுகாப்பைக் கணித முறையில் நிறுவ ஜெர்மனியின் சார்புருக்கனில் ரால்ஃப் யுங் முதலானோர் முயன்றுகொண்டிருந்தார்கள். 2017-இல் மியூடெக்ஸின் கார்டுக்கு நிரூபணம் எழுத முனைந்தபோது அது கைகூடவில்லை. காரணம் நிரூபணத்தில் இல்லை, நூலகத்தில் இருந்தது. அந்தக் கார்டைப் பல த்ரெட்கள் பகிரலாமா என்பதைக் கம்பைலர் அதன் உறுப்புகளைப் பார்த்துத் தானாகவே 'பகிரலாம்' என்று தீர்மானித்திருந்தது. மியூடெக்ஸுக்குள் ஒரு செல் இருந்தால், ஒரு த்ரெட்டுக்கு மட்டுமே உரிய அந்தச் செல்லை இரண்டு த்ரெட்கள் ஒரே சமயத்தில் மாற்ற இது வழிவிட்டது. 1.19 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். உள்மாற்றம் உள்ள இடத்தில் தானாக வரும் அனுமதியையும் ஒரு முறை கையால் பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்றாட வேலையிலும் கவனிக்க வேண்டியது உண்டு. பூட்டின் கார்டை ஒற்றை அடிக்கோட்டுக்கு ஒப்படைத்தால் ரஸ்ட் அதை எந்தப் பெயரிலும் பிடித்து வைப்பதில்லை. அந்த வரியிலேயே கார்டு மறைந்து பூட்டு திறந்துவிடும். அடிக்கோட்டுக்குப் பின்னால் ஒரு பெயரைச் சேர்த்தால் எல்லை முடியும்வரை நிற்கும். பாதுகாக்க வேண்டிய தரவு மியூடெக்ஸுக்குள்ளேயே இருப்பதால், கார்டு இல்லாமல் அதைத் தொட வழியில்லை. வெற்றுப் பூட்டை மட்டும் வைத்து வேலை செய்பவர்தான் இதில் மாட்டுவார். இப்போது இந்த எழுத்துப்பிழையைக் கம்பைலரே பிடித்து நிறுத்துகிறது. எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: நிபந்தனை வரியில் தற்காலிகமாக எடுத்த கார்டு 'இல்லாவிட்டால்' பகுதி முடியும்வரை உயிரோடு இருந்து, அங்கே மறுபடி பூட்ட முயலும் நிரலைத் தன்னோடு தானே மல்லுக்கட்ட வைத்தது. 2025 பிப்ரவரியில் வந்த ரஸ்டின் 2024 எடிஷன் அந்த எல்லையைச் சுருக்கியது. தானாக நடக்கும் ஒன்று எப்போது நடக்கும் என்று தெரிந்திருப்பதும் நிரலாளரின் வேலைதான்.

2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 கெர்னலில் ரஸ்ட் நுழைந்தது. மறு ஆண்டில், கெர்னலின் சி நிரல்களுக்கும் எல்லை முடிந்ததும் தானாகத் திறக்கும் கார்டு வசதி, கம்பைலர்களின் ஒரு நீட்சியைக் கொண்டு சேர்ந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய சி மொழியிலும் பழைய தாவல்களுக்குப் பதிலாக இனி கார்டுகளை எழுதலாம். அப்படி எழுதுபவர் ஒவ்வொரு கார்டிடமும் கேட்க வேண்டிய கேள்வி 2015-இலிருந்து மாறவில்லை: இது மறைய மறந்தால், நிரல் நிற்குமா, கெடுமா? நிற்கும் என்றால் வைத்துக்கொள்ளலாம். கெடும் என்றால், அந்தப் பொறுப்பைக் கார்டிடம் கொடுத்ததே தவறு.